மின்தடை அறிவிப்பான்: பழுதும் பரீட்சையும்

வேதாரணியம் முதல் சீர்காழி வரையில் பரந்து கிடக்கும் கடலோர உவர்நிலங்களில் குளம் வெட்டி இறால் வளர்க்கிறவர்களுக்குப் பகற்பொழுதைக் காட்டிலும் இராப்பொழுதே கவலை மிகுந்தது. பகலில் குளத்து நீரிலுள்ள நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பிராணவாயுவை வெளியிடுகின்றன; இரவிலோ அந்தப் பாசிகளும், இறால்களும், அடிச்சேற்றில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் ஒருங்கே சுவாசித்து, நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செலவழிக்கின்றனவே அன்றிச் சேர்ப்பதில்லை. ஆகவே விடியலுக்குச் சற்று முந்திய வேளையில் அதன் அளவு மிகவும் கீழே இறங்கிவிடுகிறது. 2009-ஆம் ஆண்டில் வனாமி இறாலை வளர்க்க இந்திய அரசு அனுமதி அளித்த பிறகு, குளங்களில் குஞ்சுகளை நெருக்கமாக விடும் வழக்கம் பெருகியது. நெருக்கம் பெருகவே, துடுப்புச் சக்கரங்களால் நீரை அடித்துக் காற்றோடு கலக்கும் ஏரேட்டர் யந்திரங்கள் இரவெல்லாம் ஓடியே தீரவேண்டும் என்ற நிலைமையும் உண்டாயிற்று. நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்குக் கரண்ட் போய், காவலுக்கு இருப்பவர் கண்ணயர்ந்து, ஜெனரேட்டரை ஓட்ட ஆளில்லாது போனால், பல மாத உழைப்பும் கடன் வாங்கிப் போட்ட முதலும் பொழுது விடிவதற்குள் அழிந்துபோகக் கூடும்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகவே, மின்சாரம் நின்றவுடன் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியைச் சொந்தமாகச் செய்துகொள்ளும் ஆர்வம் பலருக்கு உண்டாகியிருக்கிறது. அதன் உறுப்புகள் சொற்பம். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு கைபேசிச் சார்ஜர், யோசிப்பதற்கு ஆர்டுவினோ போன்ற ஒரு நுண்கணிப்பொறிப் பலகை, பேசுவதற்குச் சிம் அட்டை செருகிய ஒரு ஜி.எஸ்.எம். பலகை, இருட்டில் இவை இரண்டையும் உயிரோடு வைத்திருக்க ஒரு லித்தியம் பேட்டரி. இவ்வளவுதான். ஆயினும் இதைச் செய்து மாட்டியவர்களில் அநேகர் சொல்லும் குறை ஒன்றே: வீட்டு மேசைமேல் வைத்துச் சோதித்தபோது தவறாமல் செய்தி அனுப்பிய கருவி, குளக்கரையில் உண்மையாகவே கரண்ட் போன இரவில் வாய் திறக்கவில்லை என்பது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உலகத்திலுள்ள மற்ற மின்கருவிகள் பெரும்பாலும் மின்சாரம் இருக்கும்போது தம் தொழிலைச் செய்து, அது போனதும் ஓய்ந்துவிடுகின்றன. இந்தக் கருவியோ மின்சாரம் இருக்கும் வரையில் சும்மா இருந்து, அது போன அந்த க்ஷணத்தில்தான் தன் ஒரே தொழிலைச் செய்யக் கடமைப்பட்டது. ஆகையால், மின்சாரம் இருக்கும்போது அதைச் சோதித்து, நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்வது சோதனையே ஆகாது. பழுது பார்க்கிறவர் பெரும்பாலும் முதலில் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாக ஆராயத் தொடங்குகிறார். என் அபிப்பிராயத்தில், நிரலுக்குப் போவதற்கு முன் கருவிக்கு உணவளிக்கும் வழியைத்தான் ஆராய வேண்டும். ஏனெனில் பழுதுகளில் பெரும்பகுதி அங்கேதான் குடியிருக்கிறது.

வீட்டில் செய்யப்படும் கருவிகளில் மிகுதியாகப் பயன்படும் சிம்800எல் என்ற பலகையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது 3.4 வோல்ட்டுக்கும் 4.4 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட மின்னழுத்தத்தில் வேலை செய்வது. ஐந்து வோல்ட்டை நேரே கொடுத்தால் கெடும், 3.3 வோல்ட்டைக் கொடுத்தால் மயங்கும். இந்தக் குறுகிய எல்லையைக் காட்டிலும் முக்கியமானது, அது மின்னோட்டத்தை உறிஞ்சும் விதம். ஜி.எஸ்.எம். முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் காலத்தால் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 4.615 மில்லிசெகண்டு கொண்ட ஒரு சட்டத்தை எட்டுக் கூறாக்கி, ஒவ்வொருவருக்கும் 0.577 மில்லிசெகண்டு என்று வகுத்திருப்பதால், நமது பலகை தன் முறை வரும்போது மட்டும் முழு வேகத்தில் ஒலிபரப்பிவிட்டு, மற்ற ஏழு கூறுகளிலும் மௌனமாயிருக்கும். அந்த அரை மில்லிசெகண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அது 2 ஆம்பியர் வரையில் இழுக்கிறது; செகண்டுக்கு ஏறக்குறைய 217 தடவை இப்படி இழுத்து இழுத்து விடுகிறது. வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கைபேசி இருந்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன்பு 'டட்டட்' என்று ஓர் இரைச்சல் கேட்குமே, அது இந்தத் துடிப்பின் ஒலியே.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் உள்தடை, மெல்லிய இணைப்புக் கம்பிகளின் தடை, கம்பியைச் செருகிய இடங்களின் தொடுதடை எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 2 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.6 வோல்ட் நஷ்டமாகிறது. பேட்டரியில் 4.0 வோல்ட் இருந்தால் பலகைக்குப் போய்ச் சேருவது 3.4 வோல்ட், அதாவது விளிம்பு. கரண்ட் இருக்கும் வரையில் சார்ஜர் பேட்டரியை 4.2 வோல்ட்டுக்கு அருகில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே சோதனையில் எல்லாம் சரியாக நடக்கிறது. கரண்ட் போனதும் அந்தத் தாங்கல் விலகி, சற்றுப் பழசான பேட்டரி தன் இயல்பான 3.8 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அந்த நிலையில் முதல் துடிப்பு வந்ததும் பலகைக்குக் கிடைப்பது 3.2 வோல்ட், அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, மறுபடி எழுந்து, மறுபடி கைபேசிக் கோபுரத்தைத் தேடி, மறுபடி ஒலிபரப்ப முயன்று, மறுபடி விழுகிறது. இரவு முழுவதும் இப்படி விழுந்து எழுந்துகொண்டே இருந்துவிட்டு, காலையில் மின்சாரம் வந்தபின் ஒன்றும் நடவாததுபோல அது ஆரோக்கியமாகக் காட்சி தருவதுதான், செய்தவரைத் திகைக்க வைக்கிறது.

இந்த வியாதியை மல்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடிக்க முயல்வோர் ஏமாந்து போவதற்கும் தக்க காரணம் உண்டு. சாதாரண மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை. எட்டில் ஒரு பங்கு காலம் மட்டும் 0.6 வோல்ட் சரிந்தால், சராசரிச் சரிவு 0.075 வோல்ட்தான், மீட்டரில் 3.7 என்ற திருப்திகரமான எண்ணே தெரியும். சரிவைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டுமானால் அலைகாட்டி எனப்படும் ஆசிலாஸ்கோப் வேண்டும். அது கிட்டாதவர்கள் அனுமானத்தால் அறியலாம்: பலகையிலுள்ள சிறு விளக்கு, கோபுரத்தைத் தேடும்போது ஏறக்குறைய செகண்டுக்கு ஒரு முறையும், கோபுரத்தோடு சேர்ந்த பின் மூன்று செகண்டுக்கு ஒரு முறையும் மின்னுவது வழக்கம். ஏழெட்டுத் தடவை விரைவாக மின்னிச் சட்டென்று நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குமானால், அது மின்னழுத்தச் சரிவின் நிச்சயமான லட்சணம்.

பரிகாரம் கடினமன்று. பலகையின் மின்முனைகளை ஒட்டியே ஒரு பெரிய கெபாசிட்டரைப் பற்றவைக்க வேண்டும். கிணறு தூரத்தில் இருந்தாலும் அடுப்பங்கரையில் ஒரு குடம் நிறைந்திருந்தால் சமையல் தடைப்படாதது போல, துடிப்பின் நேரத்தில் கெபாசிட்டர் கொடுத்துவிட்டு, மற்ற ஏழு கூறுகளில் பேட்டரியிடமிருந்து திரும்ப நிரப்பிக்கொள்ளும். இதிலும் அளவறிந்து செய்ய வேண்டும்: 2 ஆம்பியரை 0.577 மில்லிசெகண்டுக்குத் தனியே கொடுக்க நேர்ந்தால், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் அழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் மேல் சரிந்துவிடும். 2200 மைக்ரோஃபாரட் ஆனால் அரை வோல்ட் அளவே சரியும். பேட்டரியும் உடன் கொடுப்பதால் உண்மைச் சரிவு இன்னும் குறையும். அதோடு, சோதனைப் பலகையில் செருகும் மெல்லிய கம்பிகளை அகற்றிவிட்டுத் தடித்த கம்பிகளைக் குறுக்கிப் பற்றவைப்பதும், பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய பேட்டரியை விட்டுவிட்டுப் புதியதை இடுவதும் அவசியம். இம்மூன்றையும் செய்தபின் எத்தனையோ கருவிகள், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே, பேசத் தொடங்கிவிடும்.

மேசைமேல் பேசிய கருவி குளக்கரையில் ஊமையாவதற்கும் இதே சரிவுதான் பெரும்பாலும் காரணம். கோபுரம் அருகில் இருந்தால், 'மெதுவாகப் பேசு' என்று அதுவே கைபேசிக்குக் கட்டளையிடும். சில மில்லிவாட் போதும். கோபுரம் தூரத்தில் இருந்தாலோ, பலகை தன் முழுச் சக்தியான 2 வாட்டையும் செலவிட வேண்டியிருக்கும். நகரத்து வீட்டில் ஒரு நாளும் முழு மின்னோட்டத்தை இழுத்தறியாத பலகை, குளக்கரையில்தான் முதன்முதலாக அதை இழுக்கிறது. இந்த நிலையில் கருவியை ஸ்டார்ட்டர் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், உலோகச் சுவர் வானலைகளைத் தடுத்து நிலைமையை இன்னும் விபரீதமாக்கும். ஆன்டெனா பெட்டிக்கு வெளியே, கூடுமானவரை உயரத்தில் இருக்க வேண்டும். ஏடி+சிஎஸ்க்யூ என்ற கட்டளையால் அலையின் பலத்தைப் பலகையிடம் கேட்டால், 0 முதல் 31 வரையில் ஓர் எண்ணைச் சொல்லும். 31 மிக நன்று, 99 என்றால் ஒன்றுமே தெரியவில்லை என்று பொருள். இரண்டொரு இடங்களில் வைத்துக் கேட்டுப் பார்த்து, எண் பெரிதாக வரும் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இனி மின்தடையை உணரும் பகுதிக்கு வருவோம். இங்கே நேரும் பிழை மிகச் சூட்சுமமானது. நல்ல அனுபவசாலிகளையும் மயக்குவது. சார்ஜரின் ஐந்து வோல்ட் கம்பியை நுண்கணிப்பொறியின் ஒரு காலில் இணைத்து, 'இது வற்றினால் கரண்ட் போயிற்று' என்று கொள்வதுதான் எல்லோரும் கையாளும் முறை. ஆனால் அதே ஐந்து வோல்ட் கம்பியிலேயே, பேட்டரியின் அழுத்தத்தை உயர்த்தித் தரும் பலகையின் வெளியீட்டையும் இணைத்துவிட்டால், கரண்ட் போன மறுகணம் பேட்டரி அந்தக் கம்பியை நிரப்பிவிடுகிறது. கருவி தன் பேட்டரியின் மின்சாரத்தையே பார்த்து, ஊரில் மின்சாரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. சார்ஜருக்கும் பொதுக் கம்பிக்கும் இடையில் ஒரு டயோடை வைத்து, அந்த டயோடுக்கு முன்பக்கத்திலிருந்து, அதாவது சார்ஜரின் பக்கத்திலிருந்து, உணர் கம்பியை எடுத்தால் இந்த மயக்கம் தீரும். சார்ஜருக்குள் இருக்கும் கெபாசிட்டர் வற்ற நேரமாகாதபடி அங்கேயே ஒரு கிலோ ஓம் தடையொன்றைத் தரைக்கம்பிக்கு இணைத்துவிடுவதும் நல்லது. 1000 மைக்ரோஃபாரட் இருந்தாலும் சில செகண்டில் வடிந்துவிடும். கணினியின் கேபிளைச் செருகி வைத்துக்கொண்டே சோதிக்கும் பழக்கம் இந்தப் பிழையை ஒளித்துவைக்கும். கேபிள் வழியே கணினியும் கருவிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. சில வேளைகளில் விட்டுப்போன தரைக்கம்பியின் குறையையும் அதுவே நிரப்பிவிடுகிறது. ஆகையால் கடைசிச் சோதனையில் கணினி அருகில் இருக்கலாகாது.

இறால் குளத்தில் இன்னொரு விசேஷச் சிக்கல் உண்டு. ஏரேட்டர்கள் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார்களால் ஓடுகின்றன. நமது சார்ஜரோ ஒரு ஃபேஸை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டில் ஒன்று போய்விட்டால், சார்ஜர் குறைவின்றி இயங்கும், கருவி அமைதியாயிருக்கும், மோட்டார்களோ நின்றுவிடும் அல்லது முனகிச் சூடேறிக் கருகும். ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு சார்ஜர் என மூன்றை வைத்து இதைத் தீர்க்கலாம் என்று எண்ணத் தோன்றும். அது பாதித் தீர்வு. ஓடிக்கொண்டிருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டார், ஒரு ஃபேஸ் அறுந்த பின்னும் மற்ற இரண்டின் பலத்தில் சுழன்றுகொண்டே, அறுந்த ஃபேஸில் தானே ஓர் அழுத்தத்தைப் பிறப்பித்துத் தருகிறது. அந்தக் கம்பியில் தொங்கும் சார்ஜர் அதையும் உண்டு வாழ்ந்துவிடும், ஏனெனில் தற்காலத்துச் சார்ஜர்கள் 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்பவை. ஆகவே இத்தகைய இடங்களில் அழுத்தத்தைப் பார்த்தால் போதாது. மூன்று கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டம் சமமாயிருக்கிறதா என்று பார்க்கும் ரிலேயை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டி, அதன் தொடுமுனையை நமது கருவிக்குக் கொடுப்பதே தக்கது. 230 வோல்ட், 415 வோல்ட் கம்பிகளில் ஈரக்கையோடு தாமே பரீட்சை செய்ய ஒருவரும் துணியலாகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிம் அட்டையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சிம்800எல் இரண்டாம் தலைமுறைப் பலகை. ஜியோவின் வலையமைப்பு நான்காம் தலைமுறையிலிருந்தே தொடங்குவதால் அந்தச் சிம் இதில் ஒரு நாளும் சேராது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2017-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே தன் இரண்டாம் தலைமுறைச் சேவையை மூடிவிட்டது; சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் மூடினார்கள். இந்தியாவில் அது இன்னும் இயங்கிவந்தாலும், புதிதாகச் செய்கிறவர்கள் நான்காம் தலைமுறைப் பலகையை வாங்குவதே விவேகம். கட்டளைகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ரீசார்ஜ் காலாவதியான சிம்மிலிருந்து செய்தி வெளியே போகாது என்பதையும், மாதக்கணக்கில் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடக் கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நிரலில் தேடவேண்டிய பிழைகள் சிலவே. கோபுரத்தோடு சேர்ந்தாயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் செய்தியை அனுப்புவது ஒன்று. செய்தி எழுதலாம் என்பதற்கு அறிகுறியாகப் பலகை '>' என்ற குறியைக் காட்டும் வரையில் பொறுக்காமல் எழுதத் தொடங்குவது, முடிவில் 26 என்ற எண்ணுக்குரிய முற்றுக் குறியை அனுப்ப மறப்பது ஆகியவை அதன் இனத்தைச் சேர்ந்தவை. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் இடமுண்டு. தமிழில் அனுப்பினால் 70 குறியீடுகளே அடங்கும், அதிலும் உயிர்மெய் எழுத்துப் பலவற்றுக்கு இரண்டு குறியீடுகள் செலவாகும் என்பதால் வாசகத்தைச் சிக்கனமாக அமைக்க வேண்டும். இவற்றினும் ஆழத்தில் ஒளிந்திருப்பது காலக்கணக்கு. ஆர்டுவினோ, தான் விழித்தெழுந்ததிலிருந்து கழிந்த மில்லிசெகண்டுகளை 32 இருமக் கூறுகளில் எண்ணிவருகிறது. 49 நாளும் சுமார் 17 மணியும் ஆனதும் அந்தக் கணக்கு நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 'இப்போதைய எண் இன்ன எண்ணைத் தாண்டிவிட்டதா' என்று கேட்கும் நிரல் அன்றைக்குத் தடுமாறிப் போகும். 'இப்போதைய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் எவ்வளவு' என்று குறியற்ற எண்களில் கேட்கும் நிரல் தடுமாறாது. ஒன்றரை மாதம் ஒழுங்காக ஓடிய கருவி காரணமின்றிப் பிசகினால், முதலில் இதையே சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவையும் செப்பனிட்ட பிறகும், வடிவமைப்பிலேயே ஒரு குறை எஞ்சி நிற்கிறது. கருவியிடமிருந்து செய்தி வரவில்லை என்றால், கரண்ட் இருக்கிறது என்று பொருளா, கருவி செத்துவிட்டது என்று பொருளா? குளத்துக்கு உரியவரால் பகுத்தறிய முடியாது. இந்தச் சந்தேகத்தை ரயில்வே பொறியாளர்கள் நெடுநாளைக்கு முன்பே எதிர்கொண்டு தீர்த்தார்கள். 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற மூடிய தண்டவாளச் சுற்றில், பாதை காலியாயிருக்கும் வரையில் தண்டவாளங்களின் வழியே மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து கைகாட்டியை 'போகலாம்' என்ற நிலையில் தாங்கிப் பிடிக்கும். ரயில் வந்து சக்கரத்தால் சுற்றைக் குறுக்கினாலும் சரி, தண்டவாளம் முறிந்தாலும் சரி, பேட்டரியே தீர்ந்துபோனாலும் சரி, தாங்கல் விலகிக் கைகாட்டி 'நில்' என்று காட்டும். பழுது எதுவாயினும் அது அபாய அறிவிப்பாகவே முடிய வேண்டும் என்ற இந்த நியாயம், நமது சிறு கருவிக்கும் அப்படியே பொருந்தும்.

இதன்படி, குளக்கரைக் கருவி சில நிமிஷங்களுக்கு ஒரு முறை 'கரண்ட் இருக்கிறது' என்ற சிறு சமிக்ஞையைத் தரவு வழியாக ஒரு கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு சமிக்ஞைகள் வராவிட்டால் அந்தக் கணினி உரியவரைக் கூப்பிடட்டும். அப்போது பேட்டரி செத்தாலும், சிம் காலாவதியானாலும், கோபுரமே அணைந்தாலும், செய்தி உண்டு. கோபுரம் அணைவது கற்பனையன்று. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் சாய்ந்தன. கைபேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயிற்று. அன்றைக்குக் கருவி எவ்வளவு சிறப்பாகச் செய்யப்பட்டிருந்தாலும் அதன் குரல் கேட்டிராது. குரல் கேட்கவில்லை என்பதையே செய்தியாகக் கொள்ளும் ஏற்பாடு மட்டும் வேலை செய்திருக்கும்.

கணினி ஏற்பாட்டுக்கு வசதி இல்லாதவர்கள், நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி வரும்படியாவது செய்துகொள்ளலாம். கரண்ட் போனபோது குறுஞ்செய்தியோடு நில்லாமல் தொலைபேசி அழைப்பும் வரவேண்டும். குறுஞ்செய்தியின் சிறு ஒலி உறங்குகிறவரை எழுப்பாது, விடாது அடிக்கும் மணி எழுப்பும். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் காவலாளுக்கும், அவரும் எடுக்காவிட்டால் அண்டைக் குளத்தாருக்கும் போகும்படி நிரலை அமைப்பது மிக நல்லது.

வாசகர்களில் எவரேனும் ஏற்கெனவே இத்தகைய கருவியைச் செய்து மாட்டியிருந்தால், அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜெனரேட்டர் தயாராயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிராணவாயு மிகுந்திருக்கும் நண்பகல் வேளையில், கணினிக் கேபிள் எதுவும் இணைக்காமல், குளக்கரையிலேயே மெயின் சுவிட்சை இறக்குங்கள். அழைப்பு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உடனே சுவிட்சை ஏற்றிவிடாமல் அரை மணி நேரம் ஜெனரேட்டரில் ஏரேட்டரை ஓட்டிக்கொண்டு, கருவி பேட்டரியிலேயே உயிரோடிருந்து, கரண்ட் திரும்பியதையும் சொல்கிறதா என்று கவனியுங்கள். கருவியை ஜெனரேட்டரின் பக்கத்தில் மாட்டிவிடாமல், மின்வாரியத்தின் கம்பி வந்து சேரும் பக்கத்தில் மாட்டியிருக்கிறீர்களா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் வாரம் ஒரு முறை செய்யுங்கள்.